ஈரக் கழிவு

முதல் சுற்றறிக்கையில் தட்டச்சுப் பிழை:
'மலையாள ஆளுநர் வருகை.'
விருந்தினர் மாளிகையில் ஆப்பத்துக்கு மாவு கரைத்துவிட்டார்கள்.
ஏற்காட்டிலிருந்து வட்டாட்சியர் போனில்:
'மலையாளியா மேடம்? நம்ம மலைக்காரங்களா?
அவங்கள்ல யாரு, எப்ப கவர்னர் ஆனாங்க?'

இல்லை சார். மலாய்.
கடலுக்கு அப்பால் ஒரு மாநிலம்,
போன வருடம் ஓய்வு பெற்றவர்,
துன் ருஸ்லான் பின் மாட் ஜிதின்.

ஆட்சியரின் வரவேற்புரைக்கு
அவர் வாழ்க்கையைத் தமிழாக்கியது நான்:
நெறிமுறைப் பிரிவு, மூன்றாவது மேசை,
மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பக்கம்.
வலை பின்னுகிறவருக்கு ஆறாவது பிள்ளை.
பள்ளி ஆசிரியர். மாவட்ட அதிகாரி.
பாலம் அடித்துக்கொண்டு போன வெள்ளத்தில்
படகில் அரிசி கொண்டுபோனவர்.
சட்டமன்றம் இரண்டு முறை, தோல்வி ஒரு முறை
(அதை மறைக்காமல் போட்டிருந்தது பிடித்திருந்தது).
அமைச்சர். தூதர்.
பிறகு எட்டு ஆண்டு
வெள்ளைச் சீருடை, பீரங்கி மரியாதை,
யார் வந்தாலும் முதலில் எழுந்து நிற்கும் ஒரு சபை.

அறுபத்தொன்றுக்கும் அறுபத்திரண்டுக்கும் நடுவில்
பதினொரு மாதம் காணோம்.
விட்டுப்போயிருக்கும் என்று
ஒரு கமா போட்டு ஒட்டிவிட்டேன்.

கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டி,
ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில்
என் அடையாள அட்டையை எட்டிப் பார்த்துச் சொன்னார்:
'புவான் தில்லையரசி,
ஆளுநருக்கு வேலை என்ன தெரியுமா? கையெழுத்து.
அரசு எழுதும், நான் போடுவேன்.
படித்துப் பார்க்கலாம். நிறுத்த முடியாது.
அதுதான் என் கடைசி வேலை என்கிறார்கள்.
முதல் வேலையும் அதுதான்.'

நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டம்.
பயிற்சிக்கு வந்த இருபது வயசு.
சாயங்காலம் தராசடியில் நிற்க வேண்டும்.
பழம் பறித்தவர்கள் கூடையோடு வரிசையில்.
ஊசி இருபத்தெட்டில் நிற்கும்,
மேனேஜர் இருபத்தைந்து என்பார்.
மூன்று, ஈரக் கழிவு.
மழை ஓய்ந்த தை மாசத்திலும் ஈரக் கழிவு.
பக்கத்தின் அடியில் இவர் கையெழுத்து,
அன்றைக்கு இன்னும் அழகாக இருந்ததாம்.

சடைச்சி என்று ஒருத்தி
ஒரு பழத்தை எடுத்து இவர் சட்டைக் கையில் துடைத்துக் காட்டினாளாம்.
என்னவோ கேட்டாளாம்.
'தமிழ் தெரியாது. ஆனால் புரிந்தது.
போட்டேன்.'

மேலிருந்து பஸ் இறங்கியது.
முனிரத்தினம் வண்டியை ஒதுக்கி ஹாரன் அடித்தார்.
பதினான்கு, பதினைந்து, பதினாறு
யாரும் பேசவில்லை.

தோட்டம் இப்போது ரிசார்ட்.
தராசடி எதுவென்று அவருக்கே பிடிபடவில்லை.
அவளை விசாரிக்கச் சொல்வார் என்று நோட்டைப் பிரித்து வைத்திருந்தேன்.
சொல்லவில்லை.
விசாரித்தால் கிடைத்துவிடுவாளோ என்றும் இருந்திருக்கலாம்.

ஒண்டிக்கடையில் இறங்கி அரைக் கிலோ காபித்தூள் கேட்டார்.
கடைக்காரர் நிறுத்தார், எண் சரியாக நின்றது,
அதற்கு மேல் ஒரு கை அள்ளிப் போட்டார்.
'இது எதற்கு?'
'கொசுறு' என்றேன்.
'கொ-சு-ரு.'
இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.
அதையும் நிறுக்கச் சொன்னார்: நாற்பது கிராம்.
அதற்கும் சேர்த்துப் பணத்தை நீட்டினார்.

கடைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
'கொசுறுக்குக் காசு வாங்கினா கடை வெளங்காதுங்க.'

நீட்டிய கையோடு நின்றார்
பீரங்கி முழங்க நின்று பழகிய மனிதர்.
பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை
'தாத்தா, கொஞ்சம் நகருங்க' என்றது. நகர்ந்தார்.

மறுநாள் ஆட்சியர் உரையை வாசித்தார்,
கமாவில் மூச்சு வாங்கினார்.
சால்வை. கைதட்டல். ஆப்பம்.

சாயங்காலம் என் மேசையில் பதினேழு கோப்பு.
ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் சின்னதாகப் பெருக்கல் குறி:
இங்கே போடவும்.
ஒன்றை மட்டும் பிரித்து முதலிலிருந்து படித்தேன்.
பதினேழையும் போட்டேன்.